காலி லாரி, சாரல் மழை, எஸ் வளைவு: மலைப்பாதையில் பெரிய வண்டி ஓட்டும் தம்பிக்கு

தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஹெவி லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறதாம். 10 சக்கர டாரஸ் லாரியில் எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கொட்டாரக்கரை, கொல்லம் வரை போய், காலியாகத் திரும்புகிறார். "அண்ணாச்சி, ஜூன் மாதம் நெருங்கினாலே ஆரியங்காவு இறக்கத்தை நினைத்துக் கை வியர்க்கிறது. மழையிலும் மார்கழி மூட்டத்திலும் பெரிய வண்டியை எப்படிப் பத்திரமாக ஓட்டுவது? காஷ்மீர் ஆப்பிள் லோடுக்கு ஒரு நண்பன் கூப்பிடுகிறான், அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்பது கேள்வி.

தம்பி, கை வியர்ப்பது நல்லதுதான். லோடோடு இறங்கும்போது எல்லா டிரைவருக்கும் அந்தப் பயம் இருக்கிறது. பயம் இருப்பதால் கியரைக் குறைக்கிறோம், இடைவெளி விடுகிறோம், பேச்சை நிறுத்துகிறோம். 27 வருடம் இந்த ரோட்டில் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குக் கவலை அங்கே இல்லை. லோடை இறக்கிவிட்டுத் திரும்பி வரும் காலி வண்டியில்தான் இருக்கிறது. அதிலும் கொட்டுகிற மழையை விட, வைப்பர் போடலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் சாரலில்.

நான் வண்டியைக் குறுக்கே போட்டது அப்படி ஒரு நாளில்தான். ஆடி மாதம். கொல்லத்தில் சரக்கை இறக்கிவிட்டு மதியம் கிளம்பினேன். புனலூரில் இருந்து தென்மலை வரை மழை ஊற்றியது. கழுதுருட்டியில் ரோட்டோரம் நிற்கும் 13 கண் ரயில் பாலத்தைத் தாண்டும்போது பாலத்தின் மேல்பாதியே தெரியவில்லை. அந்த மழையில் 25, 30-க்கு மேல் போகாமல், ஒரு தப்பும் செய்யாமல் வந்தேன். மலை மேல் மாநில எல்லையான கோட்டைவாசல் தாண்டியதும் மழை குறைந்து சாரலாகிவிட்டது. எதிரே செங்கோட்டைப் பக்கம் வெயில்கூடத் தெரிந்தது. வீடு வந்த மாதிரி ஒரு நினைப்பு. எஸ் வளைவில் இறங்கும்போது வேகம் 40 இருக்கும். எக்ஸாஸ்ட் பிரேக், அதாவது எஞ்சின் புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் பிரேக், அதன் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. வளைவில் காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்தேன், அவ்வளவுதான். பின்பக்கம் மெதுவாக, யாரோ பிடித்துத் தள்ளுவது போல, வலது பக்கம் நகர்ந்தது. சத்தமே இல்லை. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இலேசாகிவிட்டது. பதறிப் பிரேக்கை மிதித்தேன், இன்னும் வேகமாகச் சுழன்றது. ரோட்டுக்குக் குறுக்கே நின்றபோது பின் சக்கரம் தடுப்புச் சுவரில் இடித்து நின்றிருந்தது. கீழே இருந்து ஏறி வந்த பஸ் ஒரு வண்டி நீளத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. அந்த பஸ் டிரைவர் மேடேறும் கியரில் நிதானமாக வந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என்ன நடந்தது என்பதை அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. நம் லாரியின் பிரேக் முழு லோடைத் தாங்கி நிறுத்துவதற்காகச் செய்தது. காலியாக இருக்கும்போது பின் ஆக்சிலில் பாரமே இருக்காது. அதே பிரேக், அதே அழுத்தம், ஆனால் சக்கரத்தை ரோட்டோடு அழுத்திப் பிடிக்கும் எடை போய்விட்டது. கொஞ்சம் மிதித்தாலும் சக்கரம் உருளாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் இன்னும் மோசம். அது எஞ்சின் வழியாக ஓட்டும் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், முன் சக்கரத்தைத் தொடாது. ஈர ரோட்டில் காலி வண்டியின் பின் சக்கரத்தை மட்டும் பிடித்தால் வால் முன்னால் வரப் பார்க்கும். லோடோடு இறங்கும்போது நம் உயிரைக் காப்பாற்றும் அதே சுவிட்ச், காலியாக ஈர வளைவில் வரும்போது ஆளைக் கவிழ்க்கும். அதனால் காலி வண்டியில், மழையில், வளைவு வரும் முன் அதை அணைத்துவிடுங்கள். நேர் ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி முடித்து, வளைவுக்குள் வெறும் உருட்டலாகப் போங்கள்.

சாரல் ஏன் பெருமழையை விட வழுக்குகிறது என்றால், ரோட்டில் நாள் முழுக்க டீசல் சொட்டு, என்ஜின் ஆயில், டயர் ரப்பர் தூசி எல்லாம் படிந்து கிடக்கிறது. கொட்டுகிற மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். லேசான சாரல் கழுவாது, அதோடு கலந்து குழம்பாக்கிவிடும். பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரைமணி நேரமும் இப்படித்தான். எஸ் வளைவு, கொண்டை ஊசி வளைவு போன்ற இடங்களில் இன்னும் அதிகம். டேங்க் நிறைய டீசல் அடித்த வண்டி வளைவில் சாயும்போது மூடி வழியாகச் சிந்துவது அங்கேதான். ரோட்டில் வானவில் நிறத்தில் ஒரு படலம் தெரிந்தால் அதன் மேல் பிரேக்கும் வேண்டாம், ஸ்டியரிங் வெட்டும் வேண்டாம். நம் வண்டி டேங்க் மூடியின் வாஷரையும் பாருங்கள். நாம் சிந்தும் டீசலில் விழுவது பின்னால் வரும் டூவீலர்க்காரர்.

வழுக்க ஆரம்பித்துவிட்டால் செய்ய வேண்டியது உடம்புக்கு எதிரானது, அதனால் முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக்கில் கால் இருந்தால் எடுங்கள். எஞ்சின் பிடித்து வழுக்கினால் கிளட்சை மிதித்துச் சக்கரத்தை விடுவியுங்கள். கண் போக வேண்டிய பாதையைப் பார்க்கட்டும், பள்ளத்தைப் பார்க்க வேண்டாம். கை கண் போகும் திசைக்குத்தான் திருப்பும். 2015-க்குப் பிறகு வந்த பெரிய வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் கட்டாயம். அந்த வண்டியில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது, அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைக் கவனிக்க வேண்டும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் சாவி போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு, வண்டி நகர்ந்த பிறகும் அணையாமல் இருந்தால் உங்களிடம் ஏபிஎஸ் இல்லை என்று அர்த்தம். பல வண்டிகளில் சென்சார் வயர் அறுந்து மாதக்கணக்கில் அப்படியே ஓடுகிறது.

இனி நீங்கள் பயப்படும் லோடு இறக்கத்துக்கு வருகிறேன். கோட்டைவாசலில் இருந்து ஆரியங்காவு, தென்மலை வரை கேரளப் பக்கம் இறக்கம் நீளமானது. 1904-ல் இந்த மலையில் ரயில் போட்டபோது, அந்த ரயிலே பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டிக்கொண்டுதான் ஏறியது. நாம் ஒற்றை எஞ்சினோடு போகிறோம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 28 டன் வண்டி 200 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது என்று வையுங்கள். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் அந்தச் சக்தி முழுவதும் எங்கேயாவது சூடாகப் போயாக வேண்டும். அந்தச் சூடு, 180 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கிட்டத்தட்ட ஒரு முழு டிரம் தண்ணீர். இதில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொண்டால் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே போய்விடும். எஞ்சினுக்குக் கொடுக்காமல் காலால் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் டிரம்தான் வாங்க வேண்டும். டிரம் சூடேறினால் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். மிதி முழுக்கக் கீழே போகும், வண்டி நிற்காது. போடிமெட்டில் இருந்து முந்தலுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது சுமார் 1000 மீட்டர். அங்கே இந்தக் கணக்கை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மழை பெய்கிறதே, டிரம் குளிர்ந்துவிடாதா என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். வெளியே தண்ணீர் படும், உள்ளே லைனிங் எரிந்துகொண்டுதான் இருக்கும். மழைச் சத்தத்தில் வாசனையும் சீக்கிரம் தெரியாது, அதுதான் ஆபத்து.

ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போதைய எஞ்சின்களுக்கு வலு அதிகம், உயர்ந்த கியரிலேயே மேடேறிவிடும். அதனால் ஏறின கியரை விட ஒன்று குறைத்து இறங்குங்கள். முக்கியம், அந்தக் கியரை உச்சியில், வண்டி இறங்க ஆரம்பிக்கும் முன் போட்டுவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் குறைக்கப் போய், கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டியவர்களின் கதை ஒவ்வொரு லாரி ஷெட்டிலும் ஒன்று இருக்கும். கியர் போட்ட பிறகும் வேகம் ஏறினால் பிரேக்கை ஒரு அழுத்து நன்றாக அழுத்தி, நீங்கள் நினைத்த வேகத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். மறுபடி ஏறினால் மறுபடி. நடுவில் டிரம்முக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவது மென்மையாகத் தெரியும், ஆனால் அதுதான் லைனிங்கை எரிக்கும். அதற்காகப் படபடவென்று விட்டு விட்டுக் குத்தினால் பிரேக்கை இயக்கும் காற்று தீர்ந்துவிடும், ஏர் மீட்டரைப் பாருங்கள்.

லோடோடு போகும் முதல் சில நடைகளில் ஆரியங்காவில் ஒரு டீக்கு வண்டியை நிறுத்துங்கள். டீக்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், நான்கு விரல் தள்ளி நிறுத்தினாலே போதும். எல்லாச் சக்கரத்திலும் ஒரே அளவு வெதுவெதுப்பு இருந்தால் சரி. ஒன்று மட்டும் அனலாக வீசினால் அந்தச் சக்கரம் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது பிடிக்கவே இல்லை, அதன் வேலையையும் மற்றவை செய்கின்றன. இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் ஒரு மாதிரி பிடித்தால் காய்ந்த ரோட்டில் சமாளித்துவிடலாம். ஈர ரோட்டில் அதுவே வண்டியைச் சுழற்றும். மெக்கானிக்கிடம் போய் 'பிரேக் டைட் பண்ணுங்க' என்று பொதுவாகச் சொல்லாமல், பின் வலது சில்லென்று இருக்கிறது என்று சொன்னால் அவருக்கும் வேலை சுலபம்.

ஏர் டேங்க். இதைப் பற்றி ஒரு தனிப் பதிலே எழுதலாம். கம்ப்ரசர் உறிஞ்சும் காற்றில் ஈரம் இருக்கும், மழைக்காலத்தில் கூடுதலாக இருக்கும். அது டேங்கில் தண்ணீராகத் தேங்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன் அடியில் இருக்கும் வால்வை இழுத்துவிட்டுப் பாருங்கள். புஸ்ஸென்று முதலில் தெறிப்பது காற்று இல்லை, பால் கலந்த டீ நிறத்தில் ஆயிலும் தண்ணீரும் கலந்த ஒரு கலவை. அது நின்று வெறும் காற்று வரும்வரை விடுங்கள். டேங்கில் தண்ணீர் இருக்கும் இடத்தில் காற்று இருக்காது, அவ்வளவு பிரேக் உங்களிடம் குறைவு. அந்தத் தண்ணீர் வால்வுக்குள் போய் ரப்பரைக் கெடுக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்ச ஏர் டிரையர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். டிரையர் இருந்தும் வால்வில் ஆயில் தண்ணீர் வந்தால் டிரையரின் உள்பகுதியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை இது. கிளீனரிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள், கண்ணால் பார்த்தால்தான் வண்டியின் நிலைமை தெரியும்.

டயர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டன் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று வைத்திருப்பார்கள், 1.6 மில்லிமீட்டர் உயரம். தேய்ந்து தேய்ந்து பட்டன் அந்த மேட்டளவுக்கு வந்தால் டயர் முடிந்தது. என் வழக்கம், மே மாதத்திலேயே அளந்து, மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரை முன்னாலும் ஓட்டும் ஆக்சிலிலும் வைக்க மாட்டேன். முன் சக்கரத்துக்கு, தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டிய ரீட்ரெட் டயர் எப்போதுமே வேண்டாம். லோடு வண்டியின் டயரைப் பாரம் ரோட்டோடு அழுத்தும், ரோட்டில் நிற்கும் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளிவிடும். காலி வண்டியில், அதுவும் மொட்டை டயரில், தண்ணீர் மேலேயே மிதந்து போகும். தேங்கிய தண்ணீர் உள்ள சமவெளி ரோட்டில் 70-ல் வரும் காலி லாரியின் ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிறது என்றால் அதுதான். அப்போது ஆக்சிலேட்டரை மெதுவாக விடுவதைத் தவிர எதுவும் செய்யாதீர்கள்.

இடைவெளிக்கு ஒரு அளவு. 40-ல் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது, 60-ல் போவது 17 மீட்டர். நீங்கள் ஆபத்தைப் பார்த்துக் காலை மாற்றுவதற்குள் அந்தத் தூரம் போய்விடும், பிரேக் அதற்குப் பிறகுதான் பிடிக்கவே ஆரம்பிக்கும். முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். காய்ந்த ரோட்டில் நீங்கள் அந்த மரத்துக்கு வர நான்கு நொடியாவது ஆக வேண்டும். மழையில் அதை இரட்டிப்பாக்குங்கள். நடுவில் கார் புகுந்துவிடும் என்பீர்கள். புகட்டும், மறுபடி பின்வாங்குங்கள். கொல்லம் போய்ச் சேரும்போது இதில் போகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட வராது.

அடுத்து மூட்டம். கார்த்திகை, மார்கழியில் விடிகாலை கோட்டைவாசல் பக்கமும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டிலும் வருவது உண்மையில் மேகம். மலை மேல் மேகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது, நாம் அதற்குள் ஓட்டுகிறோம். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், வெளிச்சம் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். டிம்மில் வையுங்கள். கீழே பம்பர் மட்டத்தில் மஞ்சள் விளக்கு இருந்தால் அது ரோட்டின் ஓரக்கோட்டைக் காட்டும், அந்தக் கோட்டைப் பிடித்துப் போங்கள். முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போவது பழகிப்போன தப்பு. அவர் பள்ளத்தில் இறங்கினால் நீங்களும் இறங்குவீர்கள். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டுவதும் தப்பு. நீங்கள் திரும்புவது யாருக்கும் தெரியாது, நிற்கும் வண்டியா ஓடும் வண்டியா என்றும் தெரியாது. நின்றால் மட்டும் அதைப் போடுங்கள்.

வேகம் எவ்வளவு என்றால், தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிகிற வேகம். ஈர ரோட்டில் 30-ல் போகும் வண்டி, யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து நிற்க 20 மீட்டர் எடுக்கும். 20-ல் போனால் பத்துப் பதினோரு மீட்டரில் நிற்கும். 20 மீட்டர்தான் தெரிகிறது, எதிரே வருபவருக்கும் அதே 20 மீட்டர்தான் தெரிகிறது, ரோடும் குறுகல் என்றால் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் உங்களுக்கு உரிமை இல்லை. கண்ணாடியை இரண்டு பக்கமும் நான்கு விரல் இறக்கி வையுங்கள். உள்ளே ஆவி படியாது, எதிர்வண்டியின் ஹாரனும் காதில் விழும். வைப்பர் ரப்பர் கெட்டால் கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துக்கொண்டு ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அதற்கு அவசியம் இல்லை, ஜூனுக்கு ஒரு ஜோடி, ஐப்பசிக்கு ஒரு ஜோடி பிளேடு மாற்றிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு நாம் தெரிவதும் இதே அளவு முக்கியம். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டுவது சட்டம். எம்-சாண்ட் வண்டியில் அது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். லோடை இறக்கியதும் ஈரத்துணியால் பின்பக்கப் பட்டையையும் விளக்கையும் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கார்த்திகை முதல் தேதியில் இருந்து மகரவிளக்கு வரை இந்த ரோட்டின் குணமே மாறிவிடும். ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று விடிய விடிய வண்டி. கறுப்பு வேட்டியில் சாமிகள் ரோட்டோரமாக நடந்து போவார்கள். மூட்டத்தில் கறுப்பு வேட்டி தெரியவே தெரியாது. மலை ரோட்டுக்குப் பழக்கமில்லாத வெளிமாநில வண்டிகள் வளைவில் நடுக்கோட்டின் மேல் வரும். அந்த மாதங்களில் குமுளிப் பக்கம் போவதாக இருந்தால், நெரிசலைப் பொறுத்துக் கம்பம்மெட்டு வழியாகப் போக விட்டுக் குமுளி வழியாக இறங்க விடுவது வழக்கம், போலீஸ் சொல்லும் வழியில் போங்கள். மேடேறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது விதி. அவர்களுக்கு அது தெரியாது என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

மழை அளவைப் பற்றிச் செய்தியில் சொல்லும் நிறங்களை அர்த்தத்தோடு கேளுங்கள். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் 115 மில்லிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்க்கிறார்கள், சிவப்பு என்றால் 204-க்கும் மேல். சிவப்பு வந்தால் மண் சரியும் மலையில் நமக்கு வேலை இல்லை. இடுக்கியில் அந்த மாதிரி நாட்களில் இரவுப் பயணத்தையே தடை செய்வார்கள். ரோட்டில் புதுக் கற்கள் உருண்டு கிடந்தாலோ, மேட்டுப் பக்கத்தில் இருந்து வரும் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ, மரங்கள் ரோட்டுப் பக்கம் சாய்ந்திருந்தாலோ அங்கே நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். கழுதுருட்டியில் ஒரு டீக்கடைச் சேட்டன் ஒருமுறை என் வண்டிக்குக் குறுக்கே வந்து, "அண்ணாச்சி, போகண்டா, மேலே மண்ணு இடியுன்னு" என்று கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு மணி நேரம் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஊர்க்காரர்கள் சொன்னால் கேளுங்கள், அவர்கள் அந்த மலையோடு வாழ்கிறார்கள்.

ரோட்டில் தண்ணீர் ஓடினால் முதலில் ஓட்டமா தேக்கமா என்று பாருங்கள். தரைப்பாலத்தின் மேல் ஓடும் தண்ணீரில் காலி லாரியை இறக்கவே இறக்காதீர்கள், பாரம் இல்லாத வண்டியைத் தண்ணீர் ஓரத்துக்குத் தள்ளிவிடும். தேங்கிய தண்ணீர் என்றால், ஆழம் தெரிந்தால் மட்டும், முதல் கியரில், ஒரே சீராகப் போங்கள். ஏறி வந்ததும் பிரேக்கை மிதித்துப் பாருங்கள், பிடிக்காது. டிரம்முக்குள் தண்ணீர் இருக்கிறது. லேசாக பிரேக்கில் கால் வைத்தபடி கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும். இறக்கத்தில் கால் வைத்தபடி ஓட்டாதே என்று சொன்ன நானே இதைச் சொல்கிறேன், இந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான். கேரள ரோடுகளில் ஓரம் ஒடுங்கல், மழையில் ஊறிய மண். எதிர்வண்டிக்கு ஒதுங்குவதற்காக இடது சக்கரத்தைத் தாருக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். லோடு வண்டி அதில் சாய்ந்தால் கிரேன் வந்துதான் தூக்க வேண்டும்.

சரக்கும் நனையும் என்பதை மறந்துவிடுகிறோம். ஈர எம்-சாண்ட் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எடை கூடும், மேடேறும்போது அந்தத் தண்ணீர் பின்பக்கமாக இறங்கி ரோட்டில் வடியும். தார்ப்பாயை நன்றாக இழுத்துக் கட்டுங்கள். வைக்கோல் லோடு இன்னும் கஷ்டம். மேல்பாதி மட்டும் நனைந்து கனக்கும், வண்டி தலைகனத்து வளைவில் சாயும். போதாததற்கு ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று இருக்கிறது. காற்றாலைகளை எங்கே நட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், கயத்தாறு, சுரண்டை, ஆரல்வாய்மொழி, அங்கெல்லாம் கணவாய்க் காற்று உங்கள் வண்டியையும் தள்ளும். வாளையார் பக்கம் பாலக்காட்டுக் கணவாயிலும் இதே கதைதான். உயரமான காலி பாடி வண்டி என்றால், எதிரே பெரிய வண்டி கடந்து போன அடுத்த நொடி காற்று பளீரென்று அறையும், கையைத் தயாராக வையுங்கள்.

வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்குள் வண்டி நிற்கும் பக்கம் வைக்காதீர்கள், வளைவு தொடங்கும் முன்பே வருபவர் பார்க்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கட்டை இல்லாமல் கல் வைத்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். ரோட்டில் லாரிக்காரன் விட்டுப்போன கல்லில் மோதி, மழை இரவில் ஒரு பையன் விழுந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றில் இருந்து என் வண்டியில் இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் உண்டு.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரானூர் பார்டரில் வயிறு நிறையப் புரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு, இரவு பதினொன்றுக்கு மழையில் மலை ஏறினால் வைப்பர் ஆடும் தாளமே தாலாட்டாகிவிடும். சாப்பாட்டைப் பாதியாக்குங்கள், அல்லது ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு ஏறுங்கள். விடிவதற்குள் லோடு இறங்கியாக வேண்டும் என்று முதலாளி போனில் விரட்டுவார். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், ஆரஞ்சு எச்சரிக்கை அன்று மலை ஏற மாட்டேன் என்றதற்கு அந்த வாரப் பேட்டாவைப் பிடித்துக்கொண்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஸ்டியரிங் நம் கையில் இருக்கும்போது போவதா நிற்பதா என்ற முடிவும் நம்முடையதுதான். 'முடியாது' என்று மட்டும் சொல்லாமல், இந்த இடத்தில் நிற்கிறேன், இத்தனை மணிக்குக் கிளம்புவேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

காஷ்மீர் விஷயம். இன்னும் இரண்டு மழைக்காலம் இங்கே ஓட்டிவிட்டுப் போங்கள் என்பது என் யோசனை. போவதாக இருந்தால் முதல் நடையை ஆப்பிள் சீசனின் தொடக்கத்தில், செப்டம்பர் வாக்கில், பழகிய டிரைவரோடு போங்கள். டிசம்பர், ஜனவரியில் பஞ்சாப், ஹரியானா சமவெளியிலேயே பனிமூட்டம் கண்ணை மறைக்கும், நம் மலையில் போல ஒரு வளைவு தாண்டினால் விலகிவிடாது, நாள் முழுக்க இருக்கும். மலைக்கு மேலே, 2017-ல் திறந்த 9 கிலோமீட்டர் சுரங்கமும், 2021-ல் வந்த பனிஹால் - காஸிகுண்ட் சுரங்கமும் பழைய கஷ்டத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன. ஆனால் சுரங்கத்தை விட்டு வெளியே வரும் இடத்திலும், பாலங்களின் மேலும், நிழல் விழும் வளைவிலும் ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும். ஈர ரோடு மாதிரிதான் தெரியும். டயர் சத்தம் திடீரென்று அடங்கினால் அதன் மேல் இருக்கிறீர்கள். அங்கே நிற்கப் பிடிக்கும் தூரம் நம் ஈர ரோட்டைப் போலப் பல மடங்கு. டயரில் மாட்டும் சங்கிலி இல்லாமல் பனியில் ஏறக் கூடாது. சங்கிலி மாட்டுவதைக் கீழேயே, காய்ந்த இடத்தில் இரண்டு முறை பழகிக்கொள்ளுங்கள், விறைத்த விரலோடு முதல் முறையாக மாட்ட முடியாது.

நம் ஊரில் அடித்த டீசலோடு அங்கே ஏறாதீர்கள். டீசலில் மெழுகு இருக்கிறது, குளிரில் அது உறைந்து ஃபில்டரை அடைக்கும். வெயில் கால டீசல் 15 டிகிரி வாக்கிலேயே ஓட மறுக்கலாம், குளிர்கால டீசலுக்குத் தரம் 3 டிகிரி வரை. லடாக் குளிருக்காகவே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை 2019-ல் கொண்டுவந்தார்கள். அதனால் டேங்கைக் குறைய வைத்துக்கொண்டு போய், மலையடிவாரத்து பங்கில் அந்த ஊர் டீசலை நிரப்புங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் இரவில் உறைந்து எஞ்சின் பிளாக்கையே வெடிக்க வைக்கும், கூலன்ட் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும்.

புளியரையில் காலையில் வடிக்கும் அந்த ஏர் டேங்க் தண்ணீர் அங்கே வால்வுக்குள் உறைந்துவிடும், அப்புறம் பிரேக் பிடித்தால் விடாது, விட்டால் பிடிக்காது. இரவு வண்டியை நிறுத்தியதும் டேங்கில் தேங்கிய தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். ஈர டிரம்மோடு ஹேண்ட் பிரேக் போட்டு விட்டால் காலையில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு சக்கரம் நகராது. நிறுத்துவதற்கு முன் கடைசி அரைக் கிலோமீட்டர் பிரேக்கை லேசாகத் தேய்த்துக் காயவைத்து, சமதளத்தில் கியரில் போட்டு, முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுப் படுங்கள்.